பெய்ஜிங்கின் உள்வீட்டுக் கணக்கு



தைவான் ஆட்சியில் இருக்கும் கின்மென் தீவு, சீனக் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். இடையில் சில கிலோமீட்டர் கடல்தான். 1958 ஆகஸ்ட் 23ஆம் தேதி சீன ராணுவம் அந்தத் தீவின் மீது பீரங்கிகளை முழங்க விட்டது. முதல் சில வாரங்கள் கடும் தாக்குதல். அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். இனி ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் சுடுவோம், இரட்டைப்படைத் தேதிகளில் சுட மாட்டோம் என்று பெய்ஜிங் அறிவித்தது. தீவுவாசிகள் நாள்காட்டியைப் பார்த்துச் சந்தைக்குப் போனார்கள். பின்னாளில் சீன ராணுவம் குண்டுகளுக்குள் பிரசாரத் துண்டறிக்கைகளை வைத்து அனுப்பியது. அமெரிக்காவுடன் முறையான தூதரக உறவு தொடங்கிய 1979 ஜனவரி 1 அன்றுதான் பீரங்கிகள் ஓய்ந்தன.

தீவைப் பிடிக்க நினைப்பவர்கள் இப்படியா சுடுவார்கள்? அந்த ஆகஸ்டில் கட்சித் தலைவர்கள் பெய்தாய்ஹே என்ற கடலோர ஊரில் கூடியிருந்தார்கள். கிராமங்களையெல்லாம் மக்கள் கம்யூன்களாக மாற்றுவது, எஃகு உற்பத்தியை ஒரே ஆண்டில் இரட்டிப்பாக்கி 1 கோடியே 7 லட்சம் டன்னுக்குக் கொண்டுபோவது என்று அங்கே முடிவானது. இதுதான் 'பெரும் பாய்ச்சல்'. நிலத்தையும் அடுப்பையும் பொதுவில் ஒப்படை என்று ஒரு விவசாயியிடம் சொல்ல வேண்டுமானால், எதிரி வாசலில் நிற்கிறான் என்று அவரை நம்ப வைப்பது உதவும். வெளியே பதற்றம் இருந்தால் உள்ளே மக்களைத் திரட்டலாம் என்று கட்சித் தலைவர் மாவோ தம் சகாக்களிடம் மறைக்காமலே பேசினார். அமெரிக்காவின் உறுதியை உரசிப் பார்க்கும் நோக்கமும் அவருக்கு இருந்தது.

இதைக் கேட்டதும், "உள்நாட்டில் சங்கடம் வந்தால் சீனா வெளியே சண்டைக்குப் போகும்" என்று சொல்லத் தோன்றும். தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி கேட்கிற வாக்கியம் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கின்மெனுக்கு அடுத்த சில ஆண்டுகளே இதைப் பொய்யாக்கிவிடுகின்றன.

பெரும் பாய்ச்சல் பெரும் பஞ்சத்தில் முடிந்தது. 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோர் பட்டினியில் இறந்தார்கள். 1959 மார்ச்சில் திபெத்தில் கிளர்ச்சி. தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்தார். 1962 வசந்த காலத்தில் சீனாவின் மேற்குப் பகுதியான சின்ஜியாங்கிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சோவியத் எல்லையைத் தாண்டி ஓடினார்கள். சங்கடம் என்றால் இதைவிடப் பெரிய சங்கடம் எது? அப்போது பெய்ஜிங் செய்தது என்ன? 1960 முதல் 1963 வரை பர்மா, நேபாளம், மங்கோலியா, வட கொரியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று ஆறு நாடுகளுடன் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டது. அதுவும் பல இடங்களில் தான் உரிமை கோரிய நிலத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து. எல்லைப்புற மாகாணங்கள் கொதிக்கும்போது பக்கத்து நாட்டின் ஒத்துழைப்புதான் முக்கியம், கொஞ்சம் மலைநிலம் போனால் போகட்டும் என்பது அவர்களின் கணக்கு. டெய்லர் ஃபிராவெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை விரிவாகவே நிறுவியிருக்கிறார்.

அப்படியானால் இந்தியாவுடன் மட்டும் ஏன் போர் என்று நீங்கள் கேட்கலாம். 1960 ஏப்ரலில் சீனப் பிரதமர் சூ என்லாய் டெல்லிக்கு வந்து பேசினார், பேச்சு முறிந்தது. தலாய் லாமா இங்கே இருந்ததால், திபெத் கிளர்ச்சிக்குப் பின்னால் இந்தியா இருப்பதாகப் பெய்ஜிங் சந்தேகப்பட்டது. எல்லையில் இந்தியா புதிய காவல் நிலைகளை அமைத்ததையும் அதே கண்ணோடு பார்த்தது. இவற்றோடு, அதிகம் பேசப்படாத இன்னொரு சங்கதியும் உண்டு.

கட்சியின் சர்வதேசத் தொடர்புத் துறைக்குத் தலைவராக இருந்தவர் வாங் ஜியாஷியாங். நாடு பட்டினியில் கிடக்கும்போது எல்லாரோடும் மோத வேண்டாம், வெளிநாட்டு உதவிகளையும் குறைப்போம் என்று 1962இன் முற்பகுதியில் அவர் யோசனை சொன்னார். மேலிடத்தில் சிலர் காது கொடுத்தும் கேட்டார்கள். பஞ்சத்தின் பழியால் சற்றுப் பின்வாங்கியிருந்த மாவோ, செப்டம்பரில் நடந்த மத்தியக் குழுக் கூட்டத்தில், "வர்க்கப் போராட்டத்தை மறக்காதீர்கள்" என்று முழங்கியபடி திரும்பி வந்தார். வாங்கின் யோசனை எதிரிகளுக்கு வளைந்து கொடுப்பது என்று முத்திரை குத்தப்பட்டது. கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 20 அன்று, இமயமலையில் போர் வெடித்தது. போருக்கு இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடங்கிப் போகலாம் என்று சொல்லக்கூடிய வாய்கள் அதற்குள் மூடப்பட்டிருந்தன. பஞ்சம் ஒன்றுதான்; அதிலிருந்து சமாதானமும் பிறந்தது, போரும் பிறந்தது. கட்சிக்குள் யார் கை ஓங்கியிருக்கிறது, அவர் எதைக் கண்டு அஞ்சுகிறார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி.

இன்றைக்கு வருவோம். சீன வெளியுறவு அமைச்சரின் நாற்காலி நாம் நினைக்கும் அளவுக்கு உயரமானதல்ல. 2022 டிசம்பரில் அந்தப் பதவிக்கு வந்த சின் காங், அடுத்த ஜூனில் பொதுவெளியிலிருந்து மறைந்தார். ஜூலையில் பதவி பறிபோனது. விளக்கம் எதுவும் வரவில்லை. பழைய அமைச்சர் வாங் யீ மறுபடி வந்து உட்கார்ந்தார். கொள்கையில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. கொள்கை உருவாகும் இடம் கட்சியின் மத்திய வெளியுறவு ஆணையம். அதன் தலைவர் ஷி ஜின்பிங். ராணுவமும் கட்சியின் ராணுவம்தான்.

மக்களின் கோபமும் இந்தக் கணக்கில் உண்டு. 2001இல் ஹைனான் அருகே அமெரிக்க உளவு விமானத்துடன் மோதிச் சீன விமானி இறந்தபோது, தெருவில் இறங்க மாணவர்களை அரசு விடவில்லை. 2012 செப்டம்பரில் கிழக்குச் சீனக் கடலின் மூன்று தீவுகளை ஜப்பான் அரசு விலைக்கு வாங்கியபோது பல நகரங்களில் ஆர்ப்பாட்டம் நடந்தது, ஜப்பானிய கார்கள் நொறுங்கின. அது தலைமை மாறும் ஆண்டு. கட்சியின் முக்கியத் தலைவர் போ ஷிலாய் வீழ்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பலவீனமானவராகத் தெரிய எந்தத் தலைவருக்கும் துணிவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் அரசு ஆர்ப்பாட்டங்களை நிறுத்திவிட்டது.

எல்லாவற்றையும் மேலிடத்தின் திட்டமாகப் பார்ப்பதும் தவறு என்பதற்கு, இலங்கையின் அம்பாந்தோட்டை துறைமுகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை, 112 கோடி டாலர் என்ற 2017ஆம் ஆண்டுச் செய்தியைக் கேட்டவர்கள், தொடக்கத்திலிருந்தே தீட்டிய சதித்திட்டம் என்கிறார்கள். ஷி ஜின்பிங் தம் பட்டுப்பாதைத் திட்டத்தை அறிவித்தது 2013இல்; துறைமுக வேலை தொடங்கியது 2008இல். துறைமுகத்தைக் கேட்டது கொழும்பு. ஒப்பந்தம் தேடி அலைந்தது ஒரு சீன அரசு நிறுவனம். வியூகம் என்ற சட்டையைப் பிறகுதான் மாட்டினார்கள் என்பது என் கருத்து.

அடுத்த கட்சி மாநாடு 2027இல் கூட வேண்டும். அதற்கு முந்தைய மாதங்களில் லடாக்கிலோ தென்சீனக் கடலிலோ ஏதாவது நடந்தால், வெளியுறவுப் பேச்சாளர் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். கட்சியின் அரசியல் குழுவுக்குள் யார் வந்தார்கள், ராணுவ ஆணையத்திலிருந்து யார் போனார்கள் என்று உள்பக்கத்தில் வரும் சின்னச் செய்தியையும் தேடிப் படியுங்கள்.