பாடமாக்க ஒரு பாதை



"எவ்வளவு பாடமாக்கினாலும் பிள்ளைக்கு மனதில் நிற்குதில்லை." பெற்றோர் பலரின் கவலை இது. இன்று அதைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

ஊரில் நாங்கள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்னோம். எதுகை மோனையைப் பிடித்துக்கொண்டு செய்யுளை ஒப்புவித்தோம். ஓசைதான் எமக்குத் துணை. இந்த நினைவுப் பயிற்சியின் உச்சம் அவதானக் கலை. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர், நூறு விடயங்களில் ஒருசேரக் கவனம் வைக்கும் சதாவதானத்தைச் செய்துகாட்டினார்.

கிரேக்கர் இடத்தைத் துணைகொண்டனர். தெரிந்த வீடொன்றை மனதில் கண்டு, நினைவிருக்க வேண்டியவற்றை அறைக்கு ஒன்றாக வைப்பார்கள். பின்பு மனதாலேயே உள்ளே நடந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள்.

நாம் வாழும் வெஸ்ட்மீட், தாருக் மக்களின் மண். அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் எழுத்தில்லாமலே பல்லாயிரம் ஆண்டு அறிவைக் காத்தவர்கள். மலை, நீர்நிலை, பாறை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. நடக்க நடக்கக் கதையும் பாட்டும் தொடரும்.

2021இல் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வொன்று வெளியானது. மருத்துவ மாணவர் 76 பேருக்கு வண்ணத்துப்பூச்சிப் பெயர்கள் 20 கொடுத்தார்கள். ஆதிக்குடிகளின் முறையில், தோட்டத்தில் நடந்து கதையோடு கற்றவர்கள் முழுப் பட்டியலையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, பயிற்சிக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ மூன்று மடங்கானது. கிரேக்க முறையில் கற்றவர்களுக்கு அது இரண்டு மடங்கு.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். தமிழ்ப் போட்டிக்காக மகன் பத்துக் குறள் பாடமாக்க வேண்டியிருந்தது. நான் ஏசினேன், அவன் அழுதான். அம்மம்மா கூப்பிட்டா. "வா ராசா, எங்கட வீட்டுக்கு ஒருக்காப் போட்டு வருவம்."

இருந்த இடத்திலேயே அவனை ஊருக்குக் கூட்டிப்போனா. படலையில் முதற்குறள், கிணற்றடியில் இரண்டாவது, மாமரத்தடியில் மூன்றாவது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்னக் கதை. ஒரு கிழமையில் பத்தும் பாடம்.

அந்த வீடு போரில் அழிந்துவிட்டது. அதன் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஆனால் சிட்னியில் பிறந்த என் மகன், கிணறு எந்தப் பக்கம் என்று இப்போது எனக்குச் சொல்கிறான்.

ஆகவே நேயர்களே, பிள்ளையை ஏசுமுன் ஒருமுறை அவர்களோடு நடந்து பாருங்கள். வெஸ்ட்மீட் ஸ்ரேசனுக்குப் போகும் பாதையும் போதும். வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களிடம் இன்னொரு பாதையும் இருக்கிறது. அதைக் கேட்கப் பிந்த வேண்டாம்.