மருந்தாய்வும் திறந்த குறிப்பேடும்



மருந்தை மறைத்து வைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. பரம்பரை வைத்தியர் தம் செய்முறையைத் தம் மைந்தர்க்கன்றிப் பிறர்க்கு உரையார். சித்தர் நூல்களிலோ பரிபாஷை உண்டு. ஒரு பொருளின் பெயரைக் கூறி வேறொரு பொருளைக் குறிப்பர். மேனாட்டு மருந்துக் கம்பனிகளும் இவ்விடயத்தில் நம் முன்னோர்க்கு இளைத்தவையல்ல. ஆய்வு நடைபெறுங்காலத்து அதனை இரகசியமாய்க் காத்து, முடிந்தபின் பிறர் அம்மருந்தைச் செய்யாதவாறு ஆக்கவுரிமைச் சட்டத்தால் வேலியிட்டுக் கொள்கின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு வழியைச் சில ஆய்வாளர் கடந்த இருபது ஆண்டுகளாகக் கைக்கொண்டு வருகின்றனர். வெவ்வேறு நாடுகளில் இருப்போர் இணையத்தின்மூலம் ஒரே குறிப்பேட்டில் எழுதுவர். ஒருவர் எழுதியதன்கீழ் மற்றொருவர் தம் கருத்தைப் பதிவர். முன்பின் அறியாதவரும் வந்து படிக்கலாம், திருத்தம் கூறலாம். நான் கலைப்பட்டதாரி, இரசாயனம் கற்பித்தவனல்லன். ஆயினும் ஒரு பாடசாலையை நடத்துபவன் என்ற முறையில், குறிப்பேடு எழுதும் பழக்கம் மாணவரை எவ்வாறு ஆக்கும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு. அக்கறை காரணமாகவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

ஒரு குளிசையின் கதையிலிருந்து தொடங்குவோம். ஆபிரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் ஒருவகை நத்தைகளில் வளரும் ஒட்டுண்ணி, நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உடலுட் புகுகின்றது. பில்ஹாசியா என்னும் இந்நோய்க்குத் தடுப்புச் சிகிச்சை வேண்டியிருந்தோர் தொகை 2021 ஆம் ஆண்டில் 25 கோடிக்கும் அதிகம் என்பது உலக சுகாதார தாபனத்தின் கணக்கு. அவருள் மிகப் பலர் குழந்தைகள். இதற்கென வழங்கப்படும் மருந்து பிராசிகுவாண்டல். விலை குறைந்தது, குணம் மிக்கது, ஆனாற் குளிசையோ பெரிது, கசப்போ கடிது.

காரணம் இது. அம்மருந்தின் மூலக்கூறு இரு வடிவங்களில் உண்டாகின்றது. ஒன்று மற்றொன்றன் ஆடி விம்பம். கோயில் வாசலிற் கழற்றிவிட்ட செருப்புக் குவியலை எண்ணிக்கொள்ளுங்கள்: இடக்காற் செருப்பும் வலக்காற் செருப்பும் சரிபாதி. அவற்றுள் ஒருவகையே புழுவைக் கொல்லும். மற்றையது வீண்சுமை, கசப்பிற் பெரும்பங்கும் அதனுடையதே. அதனை நீக்கிவிட்டாற் குளிசை சிறுக்கும், கசப்புக் குறையும், குழந்தை விழுங்கும். நீக்கும் வழி ஆய்வுகூடத்தார் அறியாததன்று. மிக மலிவாக நீக்கும் வழியே கிடைக்கவில்லை. ஏழைகளின் மருந்தில் விலை ஒரு சதம் ஏறினாலும் அது மருந்தாகாது.

சிட்னிப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய மத்தியூ டொட் என்னும் இரசாயனவியலாளர் இக்கேள்வியை இணையத்தில் எல்லோரும் காணுமாறு வைத்தார். 2010 ஆம் ஆண்டில் ஆய்வுகூட வேலை தொடங்கியதும், அவருடைய குழுவினர் அன்றாடம் செய்த பரிசோதனைகளை உடனுக்குடன் திறந்த மின்குறிப்பேட்டிற் பதிந்தனர். பலித்தனவும் பதியப்பட்டன, பலியாதனவும் பதியப்பட்டன. தொழில்முறை அன்பர்கள் கூடும் லிங்க்ட்இன் போன்ற தளங்களில், இன்ன இடத்தில் இடர்ப்பட்டு நிற்கிறோம், அறிந்தவர் உதவுக என்று கேட்டனர். யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களைவிடத் தொழிற்சாலைகளில் அனுபவம் முதிர்ந்த இரசாயனவியலாளரே அதிகமாக வந்து யோசனை கூறினர். அவர்களுடைய பெயர்களை அக்குழு முன்னர் அறிந்ததில்லை. கடிதம் எழுதிக் கேட்டிருத்தலும் இயலாது. யாரிடம் விடை உண்டு என்பது தெரியாதபோது யாருக்குக் கடிதம் எழுதுவது?

முடிவில் ஒரு வழி புலப்பட்டது. நமது சமையலறைப் புளிக்குப் புளிப்பைத் தருவது தாத்தாரிக் அமிலம். அதன் வழிப்பொருள் ஒன்று, செருப்புக் குவியலில் நுழைத்துப் பார்க்கும் ஒரு வலக்காலைப் போலத் தொழிற்பட்டு, இரு வடிவங்களையும் வேறுபிரிக்கத் துணைசெய்தது. சிட்னிக் குழுவினரும் ஒல்லாந்து நாட்டு இரசாயனவியலாளரும் உலக சுகாதார தாபனத்தின் பியேரோ ஒலியாரோவும் சேர்ந்து 2011 இல் அதனை வெளியிட்டனர். குழந்தைகளுக்கென ஒற்றை வடிவில் ஆக்கப்பட்ட மருந்துக்கு 2023 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து அதிகாரசபை சாதகமான கருத்தை வழங்கியது. எனினும் அது பின்னர் அமைந்த வேறொரு கூட்டமைப்பின் பல்லாண்டு உழைப்பு. அதனையும் சிட்னியின் கணக்கிற் சேர்ப்பது முறையன்று.

இதே டொட் அடுத்து மலேரியாவுக்கு மருந்து தேடும் திறந்த ஆய்வொன்றைத் தொடங்கினார். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களை அந்நோய்க்குப் பலிகொடுத்து, 2016 செப்டெம்பரிலேயே அதிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்ற நாடு நமது. ஆகையால் இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. ஒரு பெரிய மருந்துக் கம்பனி 2010 இல் வெளியிட்ட 13,000க்கு மேற்பட்ட மூலக்கூறுகளின் பட்டியலிலிருந்து அவர்கள் தொடங்கினர்.

அவ்வாய்வுக்கு அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் ஆறு. எல்லாத் தரவும் யாவர்க்கும் உரியது. எவரும் எந்த அளவிலும் பங்குபற்றலாம். ஆக்கவுரிமை எடுப்பதில்லை என்பன அவற்றுட் சில. இவை பெரிய கொள்கைகள். எனக்கோ சிறியவை போலத் தோன்றும் இரண்டு விதிகளே பிடித்தன. குறை கூறுவதாயின் மாற்று யோசனையாகக் கூறுக என்பது ஒன்று. தனிப்பட்ட மின்னஞ்சலிற் பேசாது பொதுவிற் பேசுக என்பது மற்றொன்று. முன்னையது நாவடக்கம் பற்றியது. பின்னையது ஆழ்ந்த விடயம்: இருவர் தனியே எழுதிக்கொண்டது அவ்விருவரோடு நின்றுவிடும். மூன்றாமவர் நாளைக்கு அதே தவற்றைத் திரும்பச் செய்வார், அதே பணத்தைத் திரும்பச் செலவிடுவார்.

நம் முன்னோரிடம் அரங்கேற்றம் என்னும் வழக்கம் இருந்தது. அறிஞர் அவையில் நூலைப் படித்துக்காட்டி, வினாக்களுக்கு விடையிறுத்தபின்னரே நூல் நூலாகும். அதுவும் பொதுவெளித் திறனாய்வே. ஆனால் அவைக்கு வருவது முற்றிய நூல். அடித்தும் திருத்தியும் கிழித்தும் எழுதிய ஏடுகளை எந்தப் புலவரும் அவைக்குக் கொண்டுவந்ததில்லை. திறந்த குறிப்பேடு அவ்வேடுகளையே கேட்கின்றது. வகுப்பறையில் ஒரு கணக்குப் பிழைத்தவுடன் மாணவன் கை அழிறப்பரைத் தேடுகின்றது. ஆசிரியர் பலரும் சுத்தமான கொப்பிக்கே அதிக புள்ளி வழங்குகின்றனர். அவ்வாறு பயின்றவன் வளர்ந்து ஆய்வாளனாகி, பலியாத பரிசோதனையை உலகறியப் பதிவு செய் என்றாற் கூசாது என்செய்வான்? கணினி தெரியாமை இங்கு தடையன்று, கூச்சமே தடை.

இனி, பிறர் களவாட மாட்டார்களா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பதிவிலும் எழுதியவர் பெயரும் நாளும் இருத்தலால், முதலிற் கூறியவர் யார் என்பதில் ஐயமில்லை. இரகசிய ஆய்வில் அன்றோ அவ்வழக்கு எழும்! ஆனால் வேறு இடர்கள் உண்டு. படிப்பவர் பலர், எழுதுபவர் சிலர். வரும் யோசனைகளுட் பதரும் கலந்திருக்கும். தூற்றி எடுக்க ஒருவர் அன்றாடம் அமர்ந்திருக்க வேண்டும். கருவிகளும் நிலைப்பன அல்ல. திறந்த குறிப்பேட்டு அறிவியல் என்ற பெயரை 2006 இல் வழங்கியவர், பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்து ஜோன் குளோட் பிராட்லி. அவர் 2014 இற் காலமானார். அவருடைய குழுவினர் எழுதிய விக்கிஸ்பேசஸ் என்னும் தளமும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் தளத்தில் எழுதுவோர், வாடகையின்றி இருக்கும் வீட்டில் வாழ்வோரைப் போல்வர்.

இதுகாறும் கூறியவை மூலக்கூறுகள் பற்றியவை. மூலக்கூறுக்கு மானமில்லை, நோயாளிக்கு உண்டு. நோயாளியின் படத்தையோ பரிசோதனை அறிக்கையையோ கைப்பேசிக் குழுக்களிற் பகிர்ந்து ஆலோசிப்பது, நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், எனக்கு உடன்பாடன்று. வேறு வழி உண்டா? உண்டு. கொரோனாத் தொற்று மூண்ட 2020 இல், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தாரும் இலண்டன் சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரியினரும் சேர்ந்து ஓப்பன்சேஃப்லி என்னும் அமைப்பை உருவாக்கினர். அங்கே நோயாளரின் பதிவேடுகள் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. ஆய்வாளர் தம் கணிப்பு முறையை எழுதி அனுப்புவர். அது பதிவேடு இருக்கும் இடத்திற்குச் சென்று விடையை மாத்திரம் கொண்டுவரும். அம்முறையோ பொதுவில் வைக்கப்படும். எவரும் அதைப் படித்துப் பிழை காணலாம். 1 கோடி 70 இலட்சத்துக்கு மேற்பட்ட வயதுவந்தோரின் பதிவுகளை இவ்வாறு ஆராய்ந்து, அத்தொற்றால் இறக்கும் அபாயம் யார்க்கு அதிகம் என்பதை அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். ஆய்வாளன் செய்கை அம்பலத்தில். நோயாளி திரைக்குப் பின்னால்.

தமிழர்க்குப் பெயரளவில் உரிமையுள்ள ஒரு நோயையும் இங்கே சொல்ல வேண்டும். மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணம் முட்குத்தின்வழி காலுட் புகுந்து, ஆண்டுக்கணக்காக அரித்து, ஈற்றிற் காலையே துண்டிக்க வைக்கும். 1842 இல் மதுரையிற் பணியாற்றிய கில் என்னும் வைத்தியர் இதனை விவரித்தமையால், ஆங்கில வைத்தியர் இதற்கு மதுரைக்கால் என்றே பெயரிட்டனர். வெறுங்காலோடு வயலிலும் காட்டிலும் உழைப்போரின் நோயாதலின் மருந்துக் கம்பனிகள் இதனைப் பொருட்படுத்தவில்லை. 2018 இல் டொட்டின் குழுவினரும் ரொட்டர்டாம் நகர் ஆய்வாளரும் சூடான் நாட்டுக் கார்த்தூம் நகரில் இந்நோய்க்கென்றே இயங்கிய நிலையமும் பிறரும் சேர்ந்து, இதற்கும் ஒரு திறந்த ஆய்வைத் தொடங்கினர்.

2023 இல் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நிலையம் அழிந்தது என்றும், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த மாதிரிகளும் பதிவுகளும் போயின என்றும் 2025 இற் செய்தி வந்தது. அறிவுக் களஞ்சியம் ஒன்று அழிவது இன்னதென்பதை 1981 ஆம் ஆண்டின்பின் எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. திறந்த ஏட்டில் ஏறியிருந்த மூலக்கூறுகளின் பெறுபேறுகள் வேறு நாடுகளிற் படி எடுக்கப்பட்டுள்ளன. நோயாளரின் உடலிலிருந்து பெற்ற மாதிரிகளை அவ்வாறு படி எடுக்க முடியாது.

ஈற்றில் ஒரு பாடசாலைச் செய்தி. பிரிமெத்தமின் என்னும் பழைய மருந்தின் விலையை 2015 இல் அமெரிக்கக் கம்பனியொன்று ஒரு குளிசை 13.50 டொலரிலிருந்து 750 டொலருக்கு உயர்த்தியது. சிட்னி கிராமர் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் சிலர், அதன் மருந்துப் பொருளைத் தாமே செய்துபார்க்கத் துணிந்தனர். வெளியாகியிருந்த செய்முறையில் வெடிக்கும் இயல்புள்ள பொருளொன்று வேண்டப்பட்டது; பாடசாலையில் அது ஆகாது. ஆகவே வேறு வழி தேடினர். செய்ததை இணையத்திற் பதிந்தனர். பல்கலைக்கழகத்திலிருந்து டொட்டும் அலிஸ் வில்லியம்சன் அம்மையாரும் அதைப் படித்து வழிகாட்டினர். 2016 ஆம் ஆண்டின் இறுதியில் 3.7 கிராம் தூய பொருள் அவர்கள் கையில் இருந்தது.

பொருளைச் செய்வது வேறு, உண்ணத்தக்க மருந்தென்று சட்டம் ஏற்கச்செய்வது வேறு. அமெரிக்காவில் அம்மருந்தின் விலை அம்மாணவரால் இறங்கிவிடவில்லை. ஆயினும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எழுதிய கொப்பியை இரு பல்கலைக்கழக ஆய்வாளர் தம் சக ஆய்வாளரின் கொப்பியைப் போலப் படித்தனர். மலேரியா ஆய்வினரின் குறிப்பேடுகளும் கிட்ஹப் என்னும் தளத்தில் அவர்கள் நடத்திய உரையாடல்களும் யாவரும் படிக்கத்தக்கன. மேல்வகுப்பு இரசாயன ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் மாணவருக்கு அவற்றைத் திறந்து காட்டலாம். இரசாயனம் கடினமாயினும் வசனங்கள் எளியவை: இன்று இதைச் செய்தோம், பலிக்கவில்லை, காரணம் அறிந்தவர் யாரேனும் உளரோ?