ஒற்றை வில்லையும் முப்பது நாளும்

இலக்கியம் பேசும் நிகழ்ச்சியிலே கமராவுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். கபிலரிலிருந்து தொடங்கினால் தொடர்பு விளங்கும் என நம்புகிறேன்.

ஐங்குறுநூற்றிலே குறிஞ்சிப் பாடல்கள் நூறும் கபிலர் பாடியவை. திணை ஒன்றே. அடியளவோ மூன்று முதல் ஆறு வரைதான். ஒரு பத்திலே குரங்கு, ஒரு பத்திலே கிளி, இன்னொரு பத்திலே மயில், பிறிதொன்றிலே காட்டுப்பன்றி என்று வைத்துக்கொண்டு, நூறு முறை அந்த மலையையே பார்த்திருக்கிறார் அவர். நிற்கும் இடத்தையும் நோக்கையும் மாற்றினாரேயன்றி மலையை மாற்றவில்லை. வகுப்பிலே இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். சொல்வது எளிது.

சென்ற டிசெம்பர் விடுமுறையில், என்னிடம் படித்து வெளியேறிய இளைஞர் சிலர் தமக்குள் ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். முப்பது நாள், நாளுக்கு ஒரு படம், எல்லாப் படங்களும் ஒரே வில்லையால் எடுக்கப்பட வேண்டும். தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துத் தரும் 'சூம்' வசதி கூடாது. "சேர், நீங்களும் சேருங்க" என்று இரவல் கமரா ஒன்றையும் கையில் தந்தார்கள். விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகிறவன். என் ஊர் நல்லதண்ணி.

இது புதிய யோசனை அன்று. ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர், மாணவராக இருந்தபோது, 1979 மார்ச் 31இல் பொலரொயிட் கமராவால் நாளுக்கொரு படம் எடுக்கத் தொடங்கினார். வில்லையை மாற்ற வழியில்லாத கமரா அது. 1997 ஒக்டோபர் 25இல், தமது 41ஆவது பிறந்தநாளன்று நோயால் இறக்கும்வரை அவர் அதை நிறுத்தவில்லை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. சாப்பாடு, நண்பர், வீதி, கடைசியில் மருத்துவமனை என்று ஒரு மனிதனின் நாட்குறிப்பாகவே அது ஆகிவிட்டது.

வில்லையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தது 50 மில்லிமீற்றர் வில்லை. பழைய படச்சுருள் கமராக்களின் சட்ட அளவிலே, கமராவை நிமிர்த்திப் பிடித்து ஓர் ஆளை முழுதாக எடுப்பதானால், அவருக்கு எட்டு ஒன்பது அடி தூரத்தில் நிற்க வேண்டும். முகமும் தோளும் வேண்டுமானால் இன்னும் கிட்டப் போக வேண்டும். 200 மில்லிமீற்றர் வில்லை உள்ளவரோ முப்பது அடிக்கு அப்பால், வீதியோரத்தில் நின்றபடியே அதே உருவத்தை எடுத்துவிடலாம். எட்டடியில் நிற்பவன் பேசாமல் இருக்க முடியாது. முப்பதடியில் நிற்பவனுக்குப் பேச்சே தேவையில்லை. பெரிய வேறுபாடு இதுதான் என்பது என் கருத்து.

முதல் ஐந்து நாளும் சிவனொளிபாத மலைக்கே போயின. மார்கழிப் பௌர்ணமிக்குப் பருவம் தொடங்கிவிட்டதால் ஊர் முழுக்க யாத்திரிகர் கூட்டம். மகர தோரணம், சீத கங்குல ஓடை, இரவிலே உச்சிவரை நெளிந்தேறும் விளக்கு வரிசை, விடியலிலே மலை தன் நிழலை முக்கோணமாக விரிக்கும் காட்சி ஆகியவற்றை எடுத்தேன். ஆயிரம் கைபேசிகளும் அதையேதான் எடுத்தன.

ஆறாம் நாள் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினால், எதிரே தேயிலை. கொழுந்து நிரையிலே எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் நின்றார். செடிகளுக்கிடையே ஏறிப் போய், "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். கை நிற்கவில்லை.

"எடுங்க தம்பி. எத்தனையோ பேரு வந்து எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. ஒண்ணக்கூட நாங்க கண்டதில்ல."

குறை சொல்வதாக அவர் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்பதைப் போலச் சொன்னார். எனக்கு அது சுருக்கென்றது. தேயிலைப் பெட்டியிலும் தபாலட்டையிலும் உல்லாசப் பயண விளம்பரத்திலும் காலங்காலமாகச் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள் அல்லவா?

மஸ்கெலியா, நோர்வூட் வழியாகப் போனால் பொகவந்தலாவை வரும். அங்குள்ள சென். மேரிஸ் தேவாலய வளவிலே ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 48ஆவது வயதில் மகள் பரிசளித்த கமராவால் உலகப் புகழ் பெற்றவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியிலே காலமானார். இங்கிலாந்திலே அவர் எடுத்த படங்களில் டெனிசன் இருக்கிறார், டார்வின் இருக்கிறார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரும் நமக்குத் தெரியும். இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலே தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பெயர் இல்லை. அக்காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு ஒரு படத்துக்காகப் பல விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்று கொடுத்தவர்களின் பெயரைத்தான் எழுதிவைக்கவில்லை.

எங்கள் லயத்திலே பல வீடுகளில் சுவரில் தொங்கிய ஒரே குடும்பப் படம், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் கடவுச்சீட்டுக்காக எடுத்தது. வரிசையாக உட்கார்ந்து, கண் இமைக்காமல், யாருக்கோ பயந்தவர்களைப் போலப் பார்ப்பார்கள். இந்தியாவுக்குப் போனவர்கள் அதையும் கொண்டு போய்விட்டார்கள்.

எனவே எஞ்சிய இருபத்து நான்கு நாட்களுக்கும் எனக்கென ஒரு விதி சேர்த்துக்கொண்டேன்: படத்தில் வருபவரின் பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் குறிப்பேட்டில் எழுதுவது, ஒரு பிரதி அவர் கையிலே சேர்ப்பது. கொழுந்து நிறுக்கும் இடம், பிள்ளைக் காம்பரா, தண்ணீர்ப் பீலி, யாத்திரிகருக்கு ரொட்டி சுடும் கடை என்று நாட்கள் ஓடின. சில நாள் படமே சரிவரவில்லை. மழையும் மூடுபனியும் விட்டால்தானே! பேசிக்கொண்டே நின்று வெளிச்சத்தைத் தவறவிட்ட மாலைகளும் உண்டு. அவற்றை நான் நட்டமாகக் கருதவில்லை. போட்டியிலே முதலிடம் பெற்றது, உச்சியில் சூரியன் உதிக்கும் ஒரு படம். எடுத்த தம்பி கெட்டிக்காரன்தான்.

விடுமுறை முடியுமுன் ஹற்றனுக்குப் போய்ப் படங்களை அச்சிட்டு வந்தேன். அந்த அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தம் படத்தை வாங்கினார். முகத்தை ஒரு கணந்தான் பார்த்தார். பிறகு படத்தின் மேல்மூலையிலே விரலை வைத்தார்.

"இது ஏழாம் நம்பர் மலை. கவாத்துக்கு முந்தி எடுத்தது. அந்தா, அந்தக் கல்லுப் பக்கத்திலதான் எங்கம்மாவுக்கு நிரை குடுப்பாங்க" என்றார். பிறகு உள்ளே திரும்பி, கல்லைக் காட்ட மகளைக் கூப்பிட்டார்.