மூன்றாண்டும் ஒரு கையெழுத்தும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் இலக்கியம் பேச வல்லார் பேசினர். பாட வல்லார் பாடினர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்த எனக்கு இவ்விரண்டும் கைவாரா. ஆயினும் செயலாளர் என்னை விடுவதாக இல்லை. "உமக்குத் தெரிந்த ஒன்றைப் பேசும்" என்றார். எனக்குத் தெரிந்தது நாள்கணக்கு ஒன்றுதான்.

சரக்குப் பிரிவில் இழப்பீட்டு மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் நோட்டீசு கொடுத்தாலன்றி, காணாமற்போன மூட்டைக்கு இழப்பீடு கேட்க இயலாது. மூட்டை போனது உண்மை; ரசீதும் உண்மை; நாள் மட்டும் கடந்துவிட்டது. அவ்வாறு வந்து நிற்கும் வணிகர்களின் முகத்தை இருபதாண்டாகக் காண்கிறேன். அந்த நாள்கணக்கே சென்ற ஆண்டு நம் காலனிக்குள் வேறு உருவில் வந்தது.

ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் நம்மிடையே வாழ்கிறார். பெயர் வேண்டா. மகள் திருமணத்திற்காக ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியிருந்தார். கடைசித் தவணை 2016-இல் கட்டி முடிந்திருக்க வேண்டும். மனைவியாரின் நோயால் அதற்கு முன்பே கட்டுவது நின்றுவிட்டது. பல ஆண்டுகள் எவரும் கேட்கவில்லை. திடீரெனத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. "போலீஸ் வரும், பென்ஷன் நிற்கும்" என்றனர். பின்னர் ஓர் இளைஞர் நேரில் வந்து, மிக்க பணிவுடன், "ஐயா, வட்டியில் பாதியைத் தள்ளிவிடுகிறோம், இந்தக் கடிதத்தில் மட்டும் ஒரு கையெழுத்து இடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார். பெரியவர் மூக்குக்கண்ணாடி இல்லையென்று சாக்குச் சொல்லித் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். மூக்குக்கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

இருவரும் ஒரு வக்கீலிடம் சென்றோம். அவர் விளக்கியதையும், பின்னர் நானே சட்டப் புத்தகத்தைப் புரட்டி அறிந்ததையுமே இங்குக் கூறுகிறேன்.

காலவரையறைச் சட்டம் 1963-இல் இயற்றப்பட்டு, 1964 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கைமாற்றாகக் கொடுத்த பணம், மளிகைக்கடைப் பற்று, புரோநோட்டுக் கடன் ஆகியவற்றிற்கு வழக்குத் தொடுக்க மூன்றாண்டே எல்லை. எந்நாளிலிருந்து மூன்றாண்டு என்பதில்தான் பலரும் இடறுகின்றனர். கேட்கும்போது தருவதாகச் சொல்லி வாங்கிய கைமாற்றுக்கு, கேட்ட நாளிலிருந்து என்று நினைக்கிறோம். அன்று, பணம் கொடுத்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. கடைப் பற்றுக்குத் தவணை பேசாவிடில் பொருள் கொடுத்த நாளிலிருந்து. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களை இக்கணக்கில் சேர்க்கலாகாது என உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நம் பெரியவரின் கடனோ அதற்கு முன்பே எல்லையைக் கடந்திருந்தது.

எல்லை கடந்தபின் தொடுத்த வழக்கை, கடன்பட்டவர் அவ்வாதத்தை எழுப்பாவிடினும், நீதிமன்றமே தள்ளவேண்டும் என்கிறது இச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு. அதற்காகச் சம்மன் வந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று எவரும் கருதவேண்டா. எந்த நாளில் கணக்குத் தொடங்கியது என்பதை நீதிமன்றத்திற்கு எடுத்துக் காட்டுவார் வேண்டும்.

அப்படியாயின் கடனே அழிந்துவிட்டதா? அதுவும் இல்லை. தொழிலாளர் வாங்காது கிடந்த கூலித்தொகை பற்றிய பம்பாய் டையிங் ஆலை வழக்கில், 1957-இல் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. காலவரையறை வழக்காடும் வழியைத்தான் அடைக்கிறது, கடனை அழிப்பதில்லை. கதவு சாத்தப்பட்டது, உள்ளே இருக்கும் பொருள் அப்படியே இருக்கிறது. அந்தக் கதவுக்கு ஒரு சாவியும் உண்டு. அச்சாவி கடன்பட்டவரின் கையில் இருக்கிறது. அதுதான் அவர் கையெழுத்து.

அந்த இளைஞர் கொண்டுவந்த தாளில், தொகையை ஒப்புக்கொண்டு மாதந்தோறும் செலுத்த உறுதி கூறுவதாக எழுதியிருந்தது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இருபத்தைந்தாம் பிரிவு என்ன சொல்கிறது? காலங்கடந்த கடனையும் தருவதாக ஒருவர் எழுத்தில் உறுதி கூறிக் கையொப்பமிட்டால், அது செல்லத்தக்க புதிய ஒப்பந்தம் ஆகிறது. பெரியவர் கையெழுத்திட்டிருப்பின், வட்டியில் பாதி போயிருக்கலாம். சாத்திய கதவு முழுவதும் திறந்திருக்கும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மூன்றாண்டு முடியுமுன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலும், ஒரு பகுதியைச் செலுத்தி அதைக் கையொப்பத்தோடு எழுதிக் கொடுத்தாலும், அன்றிலிருந்து புதிய மூன்றாண்டு தொடங்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கியது இதற்காகத்தான். மூன்றாண்டு முடிந்தபின் வெறுமனே ஐந்நூறு ரூபாய் கட்டுவதால் மட்டும் பழைய கணக்கு உயிர்பெறாது. எழுத்தால் உறுதி கூறினால் உயிர்பெறும். காசோலை கொடுப்பதும் வேண்டா. அது திரும்பினால் வேறுவகை வழக்கிற்கு வாயிலாகும்.

இந்தக் கையெழுத்தின் கொடுமையை நாம் வாழும் இந்தப் புனே மாவட்டம் நன்கு அறியும். 1859-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த காலவரையறைச் சட்டம் சாதாரணக் கடன் பத்திரங்களுக்கு மூன்றாண்டு எல்லை வைத்தது. உழவனைக் காப்பதே நோக்கம். நடந்ததோ நேர்மாறு. சாவ்கார் என்று மராத்தியர் அழைக்கும் வட்டிக்கடைக்காரர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை உழவனை அழைத்து, நின்ற வட்டியை முதலோடு சேர்த்துப் புதிய பத்திரம் எழுதிக்கொண்டனர். எழுதப் படிக்க அறியாதவன் தாளில் என்ன இருக்கிறதென்று அறியாமலே அதற்கு உடன்பட்டான். மூன்றாண்டுக்கு ஒருமுறை வட்டி குட்டி போட்டது. 1875 மே 12-ஆம் நாள் சூபா என்னும் சந்தையூரில் உழவர்கள் திரண்டு, சாவ்கார்களின் கடைகளையும் வீடுகளையும் தாக்கினர். அவர்கள் தேடித் தேடிக் கொளுத்தியவை கடன் பத்திரங்களும் கணக்குப் புத்தகங்களுமே. கலகம் அகமதுநகர் மாவட்டத்திற்கும் பரவியது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1879-இல் தக்காண உழவர் துயர்நீக்கச் சட்டம் வந்தது. நம்மில் எத்தனை பேர் இவ்வரலாறு அறிவோம்? எனக்கும் சென்ற ஆண்டுவரை தெரியாது.

கடன்பட்டவர் பக்கமே பேசுகிறேன் என்று எண்ணற்க. என் தாயார் 2011-இல் உறவினர் ஒருவருக்கு முப்பதாயிரம் ரூபாய் புரோநோட்டின் மேல் கொடுத்தார். முகதாட்சண்யத்தால் நாங்கள் கேட்கவில்லை. 2015-இல் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "நோட்டு காலாவதியாகிவிட்டதே, அத்தை" என்றார். இடையில் ஒருநாள் நூறு ரூபாய் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்நிலை வந்திராது. ஒரே பந்தியில் உண்ட உறவினரிடம் அதைக் கேட்க எனக்கு நா எழவில்லை. பணம் போனதைவிட அந்தச் சிரிப்புத்தான் என் தாயாருக்கு நெடுநாள் வலித்தது.

எல்லாக் கடனுக்கும் மூன்றாண்டு என்று நம்பி எவரும் ஏமாறவேண்டா. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு அந்தச் சொத்தின்மேல் வழக்காடப் பன்னிரண்டாண்டு உண்டு. அரசு தொடுக்கும் வழக்கிற்கு முப்பதாண்டு. நமக்குச் சோறிடும் ரயில்வேயும் இதில் அடக்கம். தீர்ப்பாகி டிக்ரி பெற்றுவிட்டால் அதை நிறைவேற்றப் பன்னிரண்டாண்டு. நகையை அடகு வைத்திருந்தால், அடகு பிடித்தவர் வழக்கின்றியே முறையாக அறிவித்து விற்கலாம். நம்மில் பலர் உறுப்பினராயுள்ள கூட்டுறவுக் கடன் சங்கத்திற்கோ விதியே வேறு. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டப்படி, உறுப்பினர் தரவேண்டிய தொகைக்குக் காலக்கணக்கு அவர் இறந்த நாளிலிருந்தோ உறுப்பினர் பதவி நீங்கிய நாளிலிருந்தோதான் தொடங்கும். நண்பருக்காக ஜாமீன் கையெழுத்திட்டு மறந்துபோனவர்கள் இன்றிரவே நினைவுபடுத்திக் கொள்வது நலம்.

இனி அந்த மிரட்டல்கள். கடன் கட்டத் தவறுவது சிவில் விவகாரம். அதற்குப் போலீஸ் வராது. ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் கடனுக்காக ஜப்தி செய்யச் சட்டம் இடந்தரவில்லை. சம்பளத்தையும் டிக்ரி பெற்ற பின்னரே தொட இயலும். அப்போதும் முதல் ஆயிரம் ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் தொழிலாளிக்கே உரியவை. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்பட்டவரை அழைத்தலாகாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. நம் பெரியவரை இரவு பத்து மணிக்கு அழைத்தவர்கள் அதனைப் படித்திருக்க மாட்டார்கள் போலும்!

பெரியவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கையெழுத்திடவில்லை. ஆனால் வாங்கிய முதலில் தாம் கட்டாது நின்ற தொகை எவ்வளவு என்று தாமே கணக்கிட்டார். முப்பத்தெட்டாயிரம் வந்தது. அதைப் பெற்றுக்கொண்டால் கணக்கு முடிந்ததாகும் என்று நிறுவனத்திடமிருந்து முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒரே தவணையில் கட்டிவிட்டார். காலனியில் சிலர் அவரைப் பைத்தியக்காரர் என்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. அந்தத் தாளில் கையெழுத்திட்டிருந்தால் அச்சம் அவரை ஆண்டிருக்கும். இதுவோ அவர் தாமே எடுத்த முடிவு.

அவர் பணம் கட்டிய அன்று எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக, நீராவி இஞ்சினில் பயர்மேனாக இருந்த அவரை வேலையிலிருந்து நீக்கினர். மொழி தெரியாத ஊரில் கூலி வேலை செய்தார். அந்நாட்களில் ஒரு மராத்தி மளிகைக்காரர்தாம் சோளமும் அரிசியும் எண்ணெயும் பற்றில் கொடுத்துவந்தார். கையெழுத்துக் கேட்டதில்லை. 1977-இல் ஆட்சி மாறியபின் நீக்கப்பட்டோர் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டனர். அதற்குள் பற்றின் பெரும்பகுதிக்கு மூன்றாண்டு கடந்துவிட்டது. சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர், "இனி அவர் கேஸ் போட முடியாது" என்றாராம். "அவர் போடுவதாக எப்போது சொன்னார்?" என்று கேட்டுவிட்டு, என் தந்தையார் மாதம் இருபத்தைந்து ரூபாயாகக் கொடுத்து முடித்தார்.

கடைசி நாளன்று மளிகைக்காரர் அந்தப் பற்றுப் புத்தகத்தை என் தந்தையாரிடமே கொடுத்துவிட்டார். இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வரிதோறும் குறுக்குக்கோடு, கடைசிக் கோட்டின் கீழ் மராத்தியில், 'ஹிஷோப் மிட்லா', கணக்குத் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறது. காண விரும்புவோர் வீட்டிற்கு வரலாம். பழைய நோட்டுகளும் கடிதங்களும் வைத்திருப்போர் அவற்றையும் கொண்டுவந்தால், நாளைக் கணக்கிட்டுப் பார்க்க என்னால் இயன்ற உதவியைச் செய்வேன்.