தையற் பூவேலையும் நம் பெண்மக்களும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், தையற் பூவேலை குறித்துச் சில கருத்துகளைக் கூற விழைகிறோம். 'படிப்பைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் தையலா?' என்று சிலர் எண்ணக்கூடும். இதுவும் படிப்பே.

ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவராய் விளங்கி, 1967இல் பேரறிஞர் அண்ணா அவர்களின் அமைச்சரவையில் இடம்பெற்றவர் சத்தியவாணி முத்து அம்மையார். அவர் நினைவாகவே இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்திற்குத் தமிழக அரசு பெயர் சூட்டியது. நம் தெருக்களிலும் தையல் இயந்திரம் உள்ள வீடுகள் உண்டு. ஆயினும், அவற்றுள் சில துணி போர்த்தப்பட்டு மூலையிற் கிடக்கின்றன. கிழிசல் தைப்பதோடும் ரவிக்கை மூட்டுவதோடும் நம் கல்வி நின்றுவிட்டது. பூவேலைக்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும் என்று அஞ்சுகிறோம்.

அவ்வச்சம் தேவையற்றது. காலால் மிதிக்கும் சாதாரண இயந்திரமே போதும். துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியை நகர்த்தும் பற்களைத் தாழ்த்த வேண்டும். தாழாவிடில் தகட்டால் மூட வேண்டும். கோலம் வரைந்த துணியை வளையத்தில் இறுகப் பூட்டி, அடித்தகட்டோடு படியுமாறு வைக்க வேண்டும். பாதம் இல்லாவிடினும் அதன் தண்டை மறவாமல் கீழே இறக்க வேண்டும். இல்லையேல் மேல்நூல் தளர்ந்து அடியில் சிக்கிக்கொள்ளும். மேல்நூலின் இறுக்கத்தைச் சிறிது தளர்த்தினால் பாபின் நூல் மேலே தோன்றாது.

இனித் துணியை நகர்த்துவது நம் கைகளே. கால் விரைந்து, கை மெல்ல நகர்ந்தால் தையல் நெருங்கி விழும். கை விரைந்தால் நீண்டு விழும். கையை இடவலமாக நெருக்கி அசைத்தால் இலை நிரம்பும். கையும் காலும் ஒத்திசையப் பல நாட் பயிற்சி வேண்டும். பழந்துணியில் முதலில் நேர்கோடு, பின்னர் வளைகோடு, அதன்பின் பூ என்று பழகுதல் நன்று.

இளைஞர்களே! அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் பூவேலையும் கீழ்நிலை, மேல்நிலை என இருபடிகளாக உள்ளன. இவற்றில் தேறித் தொழிலாசிரியர் சான்றிதழும் பெறுவோர், பள்ளியில் தையலாசிரியர் ஆகலாம். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இன்றியமையாதது.

பெற்றோர்களே! மானாவாரி நிலத்தை நம்பி வாழும் இக்கரிசற் சீமையில், மழை பொய்த்த ஆண்டில் முதலில் நிறுத்தப்படுவது பெண்ணின் படிப்பே. 'தையல் கற்றுக்கொள்ளட்டும்' என்று கூறி எட்டாம் வகுப்போடு மகளை நிறுத்தாதீர்கள். பள்ளிக்கு அனுப்புங்கள், மாலையில் தையலும் கற்பியுங்கள். சான்றிதழின்றித் தைப்பவர் பிறர் கூறும் கூலிக்குத் தைப்பார். படித்துத் தைப்பவர் தம் உழைப்பின் விலையைத் தாமே கூறுவார்.

மூலையிற் கிடக்கும் இயந்திரங்களின் போர்வையை இன்றே அகற்றுவோம். வளர்க நம் கல்விக் கழகம்!