பாதம் காக்கும் தெறிவினை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், மருத்துவராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



உயிரியல் பாடத்தில் தெறிவினையைப் படமாக வரைந்து பெயர் குறித்தது உங்களுக்கு நினைவிருக்கும். பரீட்சையோடு பலர் அதை மறந்திருப்பீர்கள். ஆனால் உங்கள் முண்ணாண் அதை ஒருநாளும் மறப்பதில்லை.

கோயில் வீதியில் வெறுங்காலுடன் நடக்கையில் நெருஞ்சிமுள் குத்துகிறது என்று வையுங்கள். தோலிலுள்ள வாங்கிகள் அதை உணர்கின்றன. புலன் நரம்பு செய்தியை முண்ணாணுக்குக் கொண்டுபோகிறது. அங்கே இடைநரம்பு அதை இயக்க நரம்பிடம் கொடுக்க, தசை சுருங்கிக் கால் மேலே எழுகிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை; வலி தெரிவது கால் எழுந்த பிறகுதான். ஒரு காலைத் தூக்கியும் நாம் விழுவதில்லை. அதே வேளையில் மற்றக் காலின் தசைகளுக்கும் கட்டளை போவதால், அது உறுதியாக நின்று உடலைத் தாங்குகிறது. இத்தகைய தெறிவினைகளை ஆராய்ந்த சேர் சாள்ஸ் ஷெரிங்டன், நரம்புக்கலங்களின் தொழில் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக எட்கார் ஏட்ரியனுடன் 1932 இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் காவல் புலன் நரம்பிலேதான் தொடங்குகிறது. நீரிழிவு நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருந்தால், பாதங்களுக்குச் செல்லும் நீண்ட நரம்புகளே பெரும்பாலும் முதலிற் பாதிக்கப்படுகின்றன. முள்ளும் தெரியாது, சூடும் தெரியாது. செய்தியே வராதபோது முண்ணாண் என்ன செய்யும்? கால் எழாது. சிறு காயம் புண்ணாகி, சிலர் காலையே இழக்க நேரிடுகிறது. "நோவில்லை டொக்டர், சின்னக் காயந்தான்" என்று வருபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடிய கவலை. கிளினிக்கில் குதிக்காலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் இந்த நரம்புப் பாதையின் நிலையை அறியத்தான்.

நீரிழிவுள்ள அக்காமாரே, இரவு படுக்குமுன் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் நிலத்தில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். சுடுநீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பாருங்கள். கோயிலுக்கு மணல் சுடுமுன், விடியற்பூசைக்கே போய் வாருங்கள். நோகாத காயத்தையும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

தங்கைமாரே, உங்கள் அம்மம்மாவுக்குக் கண் தெரியாவிட்டால், அவரது பாதங்களை நீங்கள் பாருங்கள். நரம்பு செய்யத் தவறும் காவலை வீட்டிலுள்ளவர்கள் செய்யலாம். நூறு ஆண்டு கண்ட எமது சங்கத்தின் அடுத்த ஒன்றுகூடலுக்கும் எல்லோரும் சொந்தக் காலில் நடந்து வரவேண்டும்.