பொறுப்பைக் கைமாற்ற முடியாது
(கெடா தோட்டத் தொழிலாளர், கிராணிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் வெட்டும் இடத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் முதலில் எழும் கேள்வி என்ன? தோட்டத்து ஆளா, கொன்ட்ராக்ட் ஆளா என்பதுதான். பாலிங் முதல் கூலிம் வரை நாம் கேட்டுப் புளித்த கேள்வி இது. கொன்ட்ராக்டர் நிர்வாகத்தைக் காட்டுவார். நிர்வாகம் கொன்ட்ராக்டரைக் காட்டும். நடுவில் நோவது தொழிலாளியின் கால்.

இப்படிக் கைகாட்டித் தப்புவது பற்றிக் கூட்டரசு நீதிமன்றம் 2024 பிப்ரவரி 23-இல் ஒரு முக்கியத் தீர்ப்பளித்தது. அது தோட்ட வழக்கன்று; கொலம்பியா ஏசியா தனியார் மருத்துவமனை மீதான வழக்கு. 2010-இல் அவசரப் பிரிவுக்கு வந்த நோயாளி ஒருவர் சிகிச்சையின்போது மூளை பாதிக்கப்பட்டார். கீழ் மன்றங்கள் இரண்டும் மயக்க மருந்து டாக்டரைப் பொறுப்பாக்கின, மருத்துவமனையை விட்டுவிட்டன. டாக்டர் தனித்துத் தொழில் செய்பவர் என்பது மருத்துவமனையின் வாதம். கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோயாளி நம்பி வருவது மருத்துவமனையை. 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டமும் உரிமம் பெற்றவர் மேல் கடமையைச் சுமத்துகிறது. ஆகவே, வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

வேலையிடச் சட்டத்திலும் இதே நியாயம் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டப்படி, கொன்ட்ராக்டர் மூலம் வந்த தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே சந்தா கட்டக் கடமைப்பட்டவர். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. தாம் சொல்லும் முறைப்படி வேலை செய்யும் கொன்ட்ராக்ட் ஆட்களின் பாதுகாப்புக்கும் வேலை கொடுத்தவரே பொறுப்பு என்கிறது அது. மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். முன்பு 50 ஆயிரம்தான். உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். சொக்சோ காப்புள்ள வேலை விபத்துக்காக முதலாளி மீது நட்டஈட்டு வழக்குப் போட, அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு இடந்தராது. அங்கே நமக்கு வழி சொக்சோ மனுதான். சிகிச்சையில் நேர்ந்த கவனக்குறைவு வேறு சங்கதி. அதற்கும் காலவரை உண்டு: அரசாங்க மருத்துவமனையானால் 36 மாதத்திற்குள், தனியார் மருத்துவமனையானால் ஆறு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

சட்டம் தானாக லயத்துக்கு நடந்து வராது. சிறு காயமானாலும் அன்றே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். சாட்சியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சீட்டைத் தொலைக்காதீர்கள். கிராணிமார்களே, கொன்ட்ராக்ட் ஆள் என்று யாரையும் பதிவேட்டிலிருந்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் அன்று எழுதும் ஒரு வரி, நாளை ஒரு குடும்பத்தின் கஞ்சி.